பூகா வெந்நீர் ஊத்து: குளிக்கணும்னா சுமாதாங், பாக்கணும்னா பூகா

செப்டம்பர் மொத வாரம் லடாக் போயிருந்தோம், நான், வீட்டுக்காரர், என் தம்பி, மூணு பேர். பாங்காங் ஏரி, நுப்ரா மணல்மேடுனு எல்லாரும் போற ட்ரிப்ப தான் எங்களுக்கும் போட்டு குடுத்தாங்க. ஆனா எனக்கு ரொம்ப நாளா மனசுல இருந்தது சாங்தாங் மேய்ச்சல் பூமியில இருக்கற பூகா வெந்நீர் ஊத்து, அதனால நுப்ராவ விட்டுட்டு அந்த நாட்கள இந்தப் பக்கம் வச்சுக்கிட்டோம். போறதுக்கு முன்னாடி நான் தேடினப்ப கெடைச்சதெல்லாம் ரெண்டு ரெண்டு வரி, அதுலயும் பாதி தப்பு, அதனால நான் பாத்தத கொஞ்சம் நீட்டியே எழுதறேன், பொறுமையா படிங்க.

முக்கியமானத மொதல்லயே சொல்லிடறேன். பூகா குளிக்கற எடம் இல்ல. லேவுல ஒரு ட்ராவல்ஸ்ல விசாரிச்சப்ப "மேடம், அங்க இயற்கையான ஜக்குஸி மாதிரி இருக்கும், துணி மாத்திட்டு எறங்கிட வேண்டியது தான்"னு சொன்னாரு, இத நம்பி குழந்தைங்களோட போறவங்க எத்தன பேர் இருப்பாங்கனு நெனைச்சா எனக்கு இப்பவும் பதறுது. பூகாவுல தண்ணி கொதிக்குது. சும்மா பேச்சுக்கு சொல்லல, நெஜமாவே கொதிக்குது. 84 டிகிரி வரைக்கும் அங்க அளந்துருக்காங்க. கீழ சமவெளியில தண்ணி கொதிக்க 100 டிகிரி வேணும், ஆனா பூகா கிட்டத்தட்ட 4,400 மீட்டர் ஒசரத்துல இருக்கு, மேல போகப் போக காத்தோட அழுத்தம் கொறைஞ்சு சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் எறங்கிடும், அந்தக் கணக்குல பாத்தா அந்த ஒசரத்துல 85 டிகிரி பக்கம் வந்தாலே உலை கொதிக்கற மாதிரி தான். குளிக்கணும்னு ஆசை இருந்தா அதுக்கு முன்னாடியே வர்ற சுமாதாங்ல குளிச்சுக்கோங்க, பூகாவ கண்ணால பாத்துட்டு வாங்க. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு கொழப்பிக்காதீங்க.

கொழப்பம்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. லடாக்னு போட்டு ஹாட் ஸ்ப்ரிங்ஸ்னு தேடினா எல்லைக்குப் பக்கத்துல சாங் சென்மோ பள்ளத்தாக்குல இருக்கற ஒரு எடம் வரும், அதோட பேரே ஹாட் ஸ்ப்ரிங்ஸ். அது வேற. 1959 அக்டோபர் 21ல சீனப் படையோட நடந்த மோதல்ல நம்ம போலீஸ்காரங்க 10 பேர் உயிர விட்ட எடம் அது, வருஷா வருஷம் அந்தத் தேதியில போலீஸ் நினைவு நாள் வைக்கறதும் அதனால தான். நுப்ராவுல பனாமிக்னு ஒரு வெந்நீர் ஊத்து இருக்கு, அதுவும் வேற, அது போக்குவரத்துக்கு சுலபம். நான் சொல்றது தென்கிழக்குல, சிந்து நதிய ஒட்டிப் போற ரோட்டுல.

லேல இருந்து கெளம்பி உப்ஷி வரைக்கும் மணாலி ரோடு தான், அங்க ரோடு பிரியும், மணாலிக்கு வலது பக்கம் போகாம ஆத்தோரமாவே நேரா போகணும். சுமாதாங் லேல இருந்து சுமார் 140 கிலோமீட்டர். எங்களுக்கு வழியில நின்னு நின்னு போனதுல அஞ்சு மணி நேரம் ஆச்சு. ரோடு பெரும்பாலும் நல்லாவே இருந்துச்சு, நடுநடுல மலை சரிஞ்ச எடத்துல மட்டும் ஜல்லி. ரெண்டு பக்கமும் மலை ஊதா, சாம்பல், துரு கலர்னு மாறிக்கிட்டே வரும், கீழ சிந்து பச்சையா ஓடும், தூக்கமே வரல எனக்கு. சுமாதாங்குக்கு அப்பறம் மாஹே பாலம் வரும், அங்க செக்போஸ்ட்ல பேப்பர் பாப்பாங்க, ஆத்தத் தாண்டி சும்தோ போயி வலது பக்கம் திரும்பினா பூகா, இடது பக்கம் போனா சோ மோரிரி ஏரி. பூகாவத் தாண்டி போலோகோங்கா கணவாய் ஏறி எறங்கினா சோ கர் உப்பு ஏரி, மந்தை மேய்க்கற சாங்பா ஜனங்க முந்தி அந்த ஏரி உப்ப எடுத்து ஆட்டு முதுகுல மூட்ட கட்டி ஊர் ஊரா கொண்டு போயி தானியத்துக்கு மாத்துவாங்களாம். அந்த ஒத்த ரோட்டுலயே இவ்வளவும் அடக்கம்.

ஒசரத்த லேசா எடுத்துக்காதீங்க. லேவே 3,500 மீட்டர். ஃப்ளைட்ல எறங்கின மறுநாளே பூகா கெளம்பறது தப்பு. நாங்க லேல மூணு நாள் சும்மா கெடந்தோம், தண்ணியா குடிச்சோம், மெதுவா நடந்தோம், நாலாம் நாள் தான் கெளம்பினோம், அப்படியும் பூகாவுல பத்தடி வேகமா நடந்தா மூச்சு வாங்குச்சு. ஒரே நாள்ல லே-பூகா-லே போயிட்டு வந்துடலாம்னு சொல்றவங்க இருக்காங்க, வண்டி போயிட்டு வந்துடும், ஒடம்பு தான் தாங்காது. நாங்க ரெண்டு ராத்திரியும் சுமாதாங்லயே தங்கிக்கிட்டோம், அது பூகாவ விட 400 மீட்டர் கீழ, தூங்கறதுக்கு அந்த வித்தியாசம் பெரிய உதவி.

இப்ப சுமாதாங். ஊரு சின்னது, ஆத்தோரமா ரோட்டுக்கு கீழ ஆவி வந்துக்கிட்டே இருக்கும், தூரத்துல இருந்தே தெரியும். ஆத்தங்கரை கல்லு இடுக்குல எல்லாம் தண்ணி புடுபுடுனு கொதிச்சு வெளிய வருது, அதுக்கு மூணடி தள்ளி சிந்து ஐஸ் மாதிரி ஓடுது. நாங்க தங்கின கெஸ்ட்ஹவுஸ்ல அந்த ஊத்துத் தண்ணிய பைப் போட்டு பாத்ரூமுக்கு கொண்டு வந்து, கூடவே பச்சத் தண்ணி பைப்பும் வச்சு, நாமளே வெளாவி குளிக்கற மாதிரி பண்ணியிருக்காங்க. பொம்பளைங்களுக்கு இது எவ்வளவு நிம்மதினு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தாழ்ப்பாள் போட்ட ரூம், யாரும் எட்டிப் பாக்க முடியாது, நீளமா ஒரு சிமென்ட் தொட்டி. சிமென்ட் சொரசொரனு இருக்கு, சுவர்ல வெள்ளையா உப்பு பூத்து இருக்கு, பல்பு மங்கல், அழகுனு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அஞ்சு மணி நேரம் வண்டியில குலுங்கி, வெளிய பல்லு கிட்டற குளிர்ல இருந்து உள்ள வந்து, அந்தத் தண்ணியில தோள் வரைக்கும் எறங்கினப்ப இடுப்பு எலும்பு ஒவ்வொண்ணா எளகறது தெரிஞ்சுது. லேசா கந்தக வாசன இருக்கும், அவிச்ச முட்டைய உரிக்கறப்ப வருமே அந்த வாசன, ரெண்டு நிமிஷத்துல மூக்குக்கு பழகிடும். தண்ணி தொட்டா வழவழனு இருக்கும், சோப்பு போடாமலே போட்ட மாதிரி.

இங்கயும் ஊத்து வாய்ல தண்ணி கிட்டத்தட்ட கொதிநிலை தான், அதனால சூடு தண்ணி பைப்ப மொதல்ல தொறக்காதீங்க. பச்சத் தண்ணிய நெரப்பிட்டு அப்பறம் சூடு தண்ணிய சேருங்க, முழங்கைய விட்டுப் பாத்துட்டு எறங்குங்க. என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் உள்ளயே கெடந்துட்டு திடுதிப்புனு எந்திரிச்சாரு, கண்ணு இருட்டிட்டு வந்து சுவரப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. சூட்டுல ரத்தக் குழாய் எல்லாம் விரிஞ்சு பிரஷர் எறங்கிடும், அந்த ஒசரத்துல ஏற்கனவே ஆக்ஸிஜன் கம்மி, ரெண்டும் சேந்தா மயக்கம் தான். பத்து நிமிஷம் போதும், கூட ஒரு ஆளு கதவுக்கு வெளிய இருக்கணும், குளிச்சதும் ஒரு சொம்பு தண்ணி குடிக்கணும். அதே மாதிரி ஊத்துத் தண்ணியில தலைய முக்காதீங்க, மூக்குக்குள்ள போக விடாதீங்க, வெதுவெதுப்பான தண்ணியில வளர்ற ஒரு வகை அமீபா மூக்கு வழியா மூளைக்கு ஏறும், அது அபூர்வம் தான், ஆனா வந்தா பொழைக்கறது கஷ்டம், தலைக்கு பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டா போதும்.

சாப்பாடு துக்பாங்கற நூடுல்ஸ் சூப்பு, சோறு பருப்பு, மேகி, முட்ட. ருசி பரவாயில்ல, சூடா குடுத்தாங்க. வெண்ணெய் டீ உப்பா இருக்கும், டீனு நெனைச்சுக் குடிச்சா பிடிக்காது, சூப்புனு நெனைச்சுக் குடிச்சா பிடிக்கும், எனக்கு ரொம்பவே பிடிச்சுப் போச்சு. அந்த குளிருக்கு ஒதடு வெடிக்காம இருந்ததுக்கும் அதுவே காரணம்னு நெனைக்கறேன். சுமாதாங்குக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒரு மார்க் கொறைச்சது ஆத்தங்கரையில கெடந்த ஷாம்பு பாக்கெட்டுக்கும் பாட்டிலுக்கும்.

மறுநாள் காலையில ஏழரைக்கு பூகாவுக்கு கெளம்பினோம். சும்தோ திரும்பினதும் பள்ளத்தாக்கு அகலமாகுது, நடுவுல ஓடை, ரெண்டு பக்கமும் புல்லு, செப்டம்பர்ங்கறதால ஓரமெல்லாம் மஞ்சள் அடிச்சிருச்சு. தூரத்துல வெள்ளாட்டு மந்தை, யாக் முடியில நெய்ஞ்ச கறுப்பு டென்ட் ஒண்ணு, ரேபோனு சொல்றாங்க, அதுக்குப் பக்கத்துலயே வெள்ளை கேன்வாஸ் டென்ட் ரெண்டு. கியாங்னு சொல்ற காட்டுக் கழுத ஆறேழு நின்னு எங்கள பாத்துட்டு ஒரே திசையில ஓடுச்சு. ரோட்டுக்கு பக்கத்துலயே சாங்பா பிள்ளைங்களுக்கான ஹாஸ்டலோட இருக்கற ஸ்கூல் இருக்கு, அப்பா அம்மா மந்தையோட மேய்ச்சலுக்கு எடம் மாறிக்கிட்டே இருப்பாங்க, பிள்ளைங்க இங்க தங்கிப் படிக்கும்.

ஊத்து இருக்கற எடம் ஒரு குளம் கெடையாது. நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு பள்ளத்தாக்கு முழுக்க அங்கங்க ஆவி. ஒரு எடத்துல சேறு கொப்பளிக்குது, ஒரு எடத்துல கையளவு ஓட்டையில இருந்து தண்ணி பீச்சி அடிக்குது, ஒரு எடத்துல தரையே ஈரமா வெதுவெதுனு இருக்கு, மேல பாத்தா தண்ணி தெரியாது. தரை முழுக்க வெள்ளையா ஒரு பொருக்கு, மொதல்ல பனியோனு நெனைச்சேன். கிட்ட உக்காந்து பாத்தா உப்பு மாதிரி பொடிப்பொடியா பூத்துருக்கு. அது வெங்காரம். நகை பத்த வைக்க ஆசாரி தொட்டு வைப்பாரே, அதே வெங்காரம். 19ஆம் நூற்றாண்டுலயே இங்க இருந்து வெங்காரமும் கந்தகமும் வெட்டி எடுத்துருக்காங்க. மலையடிவாரத்துல கந்தகம் இளமஞ்சளா திட்டுத் திட்டா படிஞ்சு இருக்கறத இப்பவும் பாக்கலாம்.

இதுக்கு காரணம் எரிமலைனு நெறைய பேர் சொல்றாங்க, அது இல்ல. நம்ம இந்தியத் தட்டு வடக்க நகந்து போயி ஆசியாவ முட்டின தையல் கோடு சிந்து பள்ளத்தாக்கோரமா தான் போகுது, நடுவுல இருந்த டெத்திஸ் கடல் மூடி இமயமலை எழும்பின எடம். அந்த முட்டல்ல பூமிக்குள்ள ஆழமா வெடிப்பு விழுந்து கெடக்கு. மழை, பனி உருகின தண்ணி எல்லாம் அந்த வெடிப்பு வழியா உள்ள எறங்கி, அடியில இருக்கற சூட்டுல காஞ்சு, கூடவே போரான், கந்தகம், சிலிக்கானு கரைச்சுக்கிட்டு மறுபடி மேல வருது. 1970கள்ல ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா இங்க 34 எடத்துல துளை போட்டுப் பாத்தாங்க, ஆழமானது 385 மீட்டர் கிட்ட, அதுல 140 டிகிரி வரைக்கும் சூடு இருந்துருக்கு. நீங்க நிக்கற தரைக்கு கீழ அவ்வளவு சூடுங்கறத மனசுல வச்சுக்கிட்டு நடங்க.

நடக்கறதப் பத்தி தான் அதிகமா சொல்லணும். என் தம்பிக்கு நடந்தத சொல்றேன். அவன் ஃபோட்டோ எடுக்க, ஆவி வர்ற ஒரு குழியோட இன்னும் கொஞ்சம் கிட்ட போனான். வெள்ளைப் பொருக்கு பாக்க கெட்டியா சிமென்ட் தரை மாதிரி இருந்துச்சு. நாலாவது அடி வச்சான், அப்பளம் நொறுங்கற மாதிரி ஒரு சத்தம், வலது கால் கணுக்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு. "அக்கா"னு ஒரே கத்து. உள்ள கொழகொழனு சாம்பல் கலர் சேறு, கொதிக்கற சூடு. இழுத்து வெளிய எடுக்கறதுக்குள்ள ஷூவுக்குள்ள சூடு தண்ணி நெரம்பிருச்சு, ஷூ இருந்ததால பாதம் தப்பிச்சுது, கணுக்காலுக்கு மேல சாக்ஸ் நனைஞ்ச எடம் தான் செவந்து போச்சு. எங்க ட்ரைவர் அண்ணன் லடாக்காரர், நல்ல மனுஷன், ஓடி வந்து அவன தோள்ல சாச்சு ஓடைக்கு கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு விஷயம் கவனிங்க, ஊத்து இருக்கற பக்கம் ஓடைத் தண்ணியும் வெதுவெதுனு தான் இருக்கும், அதனால ஊத்துக்கு மேல, மேற்க போயி பச்சத் தண்ணி ஓடற எடமா பாத்து காலை விட வச்சாரு. ஷூவ கழட்டி, சாக்ஸ மெதுவா உருவி, இருவது நிமிஷம் வாட்ச் பாத்து ஓடற தண்ணியில வச்சோம், மேல ஸ்வெட்டர் ஜாக்கெட் எல்லாம் போத்தி விட்டோம். வீட்டுக்காரர் டூத்பேஸ்ட் தடவலாம்னு பையத் தொறந்தாரு, வேணாம்னு தடுத்துட்டேன், பேஸ்ட், வெண்ணெய் எதுவும் தீப்புண்ணு மேல போடக் கூடாது, சூட்ட உள்ளயே பூட்டிரும். சுத்தமான துணியால லேசா மூடிட்டோம். ரெண்டு கொப்புளம் வந்துச்சு, ஒடைக்கல, பத்து நாள்ல ஆறிருச்சு. அவனுக்கு அதிர்ஷ்டம். அதே எடத்துல ஒரு சின்னப் பிள்ள ஓடியிருந்தா முழங்கால் வரைக்கும் போயிருக்கும்.

எச்சரிக்க போர்டு, கயிறு, வேலி எதுவும் நாங்க போன எடத்துல இல்ல. போடணும், கண்டிப்பா போடணும். அதுவரைக்கும் ஆடு நடந்த தடத்துல மட்டும் நடங்க, புல்லு மொளைச்ச எடத்துல கால் வைங்க, வெள்ளைப் பொருக்கு மேல வைக்காதீங்க. இது எனக்கா தெரியல, அங்க இருந்த ஒரு பெரியவர் சொல்லிக் குடுத்தது.

தம்பி ஓடையில காலை விட்டு உக்காந்துருந்தப்ப தான் அவரு வந்தாரு. அங்க வயசானவங்கள மேமேனு கூப்புடுவாங்க, தாத்தா மாதிரி, மரியாதைக்கு பின்னாடி லே சேத்துக்கணும், மேமே-லே. எழுவது வயசு இருக்கும், கையில ஒரு கம்பு, அழுக்கேறின மெரூன் கலர் அங்கி, காதுல சின்னதா நீலக்கல். தம்பி கால குனிஞ்சு பாத்தாரு, ட்ரைவர் அண்ணன்கிட்ட ஏதோ சொன்னாரு. "ஆடு இந்த தப்பு ஒரு தடவ தான் பண்ணும்னு சொல்றாரு"னு அண்ணன் ஹிந்தியில சொன்னாரு. அப்பறம் எங்கள எந்திரிக்கச் சொல்லி கம்பால தரைய தட்டிக் காட்டினாரு. கெட்டியான எடத்துல டொக் டொக்னு, உள்ள பொள்ளலா இருக்கற எடத்துல பானைய தட்டற மாதிரி ஒரு ஓசை. ரெண்டு மூணு எடத்துல தட்டினதுமே எனக்கே காது புடிபட்டுருச்சு.

அவரு அங்க தெனமும் வர்றது முழங்கால் வலிக்கு. கொதிக்கற தண்ணி ஒரு வாய்க்கா மாதிரி எறங்கி ஓடையோட கலக்கற எடத்துக்கு கொஞ்சம் முன்னாடி, கல்லு வச்சு ஒரு சின்னப் பாத்தி கட்டி வச்சுருக்காங்க, ரெண்டு ஆளு உக்காரலாம். ஓடை பக்கம் இருக்கற ஒரு கல்ல நகத்தினா பச்சத் தண்ணி உள்ள வரும், திரும்ப வச்சா நிக்கும், அவ்வளவு தான் டெக்னிக். மேமே-லே கல்ல நகத்தி, கைய விட்டுப் பாத்து, திரும்ப நகத்தி, அங்கிய முழங்காலுக்கு மேல தூக்கிக் கட்டிட்டு உக்காந்தாரு. என்னையும் உக்காரச் சொன்னாரு. பேன்ட்ட மடிச்சு விட்டுட்டு பத்து நிமிஷம் அவருக்கு எதுத்தாப்புல காலை விட்டு உக்காந்துருந்தேன். பூகாவுல நான் தண்ணியில எறங்கினது அவ்வளவு தான், அதுவும் கூப்புட்டதால. அந்த வாய்க்காவ பாத்துக்கிட்டே இருந்தேன், மேல தண்ணி வர்ற எடத்துல அடி வெறும் வெள்ளையா இருக்கு, கொஞ்சம் கீழ வர வர இளமஞ்சள், அப்பறம் ஆரஞ்சு, அப்பறம் பச்சையா பாசி மாதிரி கம்பளம். சூடு கொறையக் கொறைய வேற வேற நுண்ணுயிர் வளருது, சுமார் 73 டிகிரிக்கு மேல பச்சையம் இருக்கற எதுவும் உயிரோட இருக்காது. அதனால அந்தக் கலரே ஒரு தெர்மாமீட்டர் மாதிரி, கலரே இல்லாத எடம் தான் ரொம்ப ஆபத்தான எடம். அதுல சோப்பு, ஷாம்பு, சன்ஸ்க்ரீன் எதுவும் படக் கூடாது, அந்தக் கம்பளத்த மிதிக்கவும் கூடாது, மிதிச்ச தடம் அப்படியே தங்கிடும்.

நாங்க உக்காந்துருக்கறப்பவே அவரோட மந்தை வந்துருச்சு. வெள்ளையும் பழுப்புமா நூறுக்கு மேல இருக்கும், இது தான் பஷ்மினா ஆடு, மேல நீளமா மயிரு, அதுக்கடியில கைய விட்டா விரலு காணாம போற மாதிரி மெத்து மெத்துனு ஒரு அடர்த்தி, குளிர்காலத்துல மைனஸ் 30க்கு கீழ போற எடத்துல அதுக்கு ஒடம்புல இருக்கற போர்வை அது. வசந்தம் முடிஞ்சு வெயில் வந்ததும் தானா கழலும், அப்ப சீப்பு வச்சு வாரி எடுப்பாங்க. ரெண்டு ஆடு வந்து வெள்ளைப் பொருக்க நக்கிட்டு நின்னுச்சு, மத்ததெல்லாம் ஊத்து ஓரத்து புல்ல மேஞ்சுது. சுத்தி மலை எல்லாம் மொட்டையா கெடக்க, அடியில சூடு இருக்கறதால இங்க ஓரத்துல மட்டும் புல்லு இன்னும் பச்சையா இருந்துச்சு. அதுல தான் மந்தையோட வயிறு நெறையுது. நாங்க நிறுத்தின வண்டிய அப்ப திரும்பிப் பாத்தேன், அந்தப் பச்சப் புல்லு மேல தான் சக்கரம் நின்னுச்சு. மேமே-லே ஒண்ணும் சொல்லல, அண்ணனே போயி ரோட்டுக்கு ஏத்தி நிறுத்திட்டு வந்தாரு. அங்கங்க புல்லுல வண்டித் தடம் ரெண்டு கோடா கிழிச்சுக்கிட்டு போகுது, அந்தக் குளிருக்கு அந்தத் தடம் மூட வருஷக்கணக்காகும். ரோட்ட விட்டு வண்டிய எறக்காதீங்க, எறக்கச் சொல்லி ட்ரைவர வற்புறுத்தாதீங்க. நடக்க முடியாதவங்களுக்கு ரோட்டுல இருந்தே ஆவி, கொப்பளிக்கற சேறு எல்லாம் தெரியும்.

முட்ட அவிக்கறது அங்க எல்லாரும் பண்ற வேடிக்க. எங்க பக்கத்துல ஒரு க்ரூப் பன்னெண்டு முட்டைய கேரி பேக்கோட ஊத்துல விட்டுட்டு, பாதி ஒடைஞ்சு கலந்ததும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. கம்பால கவர தூக்கி எடுத்தேன், கலங்கினத எடுக்க முடியல. பாதி ஊத்து மனுஷன் குடிக்கற, ஆடு குடிக்கற ஓடையில தான் போயி விழுது. தயவு செஞ்சு அதுக்குள்ள எதையும் போடாதீங்க. சுமாதாங் கடையிலயே அவிச்ச முட்ட கெடைக்குது, வாங்கிட்டுப் போயி அங்க உக்காந்து சாப்பிடுங்க.

பள்ளத்தாக்குல துளை போடற எந்திரம், பைப், கொட்டகை எல்லாம் பாத்து இதென்னனு நீங்களும் கேப்பீங்க. பூமிச் சூட்டுல கரண்ட் எடுக்கற திட்டம், 2021 பிப்ரவரியில ஓஎன்ஜிசி லடாக் நிர்வாகத்தோட ஒப்பந்தம் போட்டுச்சு, மொதல்ல 1 மெகாவாட். டீசல் ஜெனரேட்டர் சத்தத்துல ராத்திரி மூணு மணி நேரம் வெளக்கு எரியற எடங்கள பாத்தவங்களுக்கு இதோட அரும தெரியும், நான் இதுக்கு எதிரா பேச மாட்டேன். ஓடையும் புல்லும் கெடாம பண்ணணும்ங்கறது மட்டும் தான் என் ஆசை. வேல நடக்கற பக்கம் போகாதீங்க, அது பாக்கற எடம் இல்ல.

கழிவறை விஷயம், பொம்பளைங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பூகாவுல ஊத்துப் பக்கம் நாங்க போனப்ப எதுவும் இல்ல. மரம், புதர்னு மறைவும் கெடையாது, அது திறந்த வெளி. சும்தோவுல டீக்கடைக்கு பின்னாடி ஒண்ணு இருந்துச்சு, அந்த ஊரு பழக்கப்படி குழி மேல மண்ணள்ளிப் போடற மாதிரி, சுத்தமாவே இருந்துச்சு. போறப்பவும் வர்றப்பவும் அங்க முடிச்சுக்கோங்க, பயத்துல தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, அந்த ஒசரத்துல அது தலைவலியில கொண்டு போயி விடும். டிஷ்யூ, பேட் எல்லாம் ஒரு ஜிப் கவர்ல போட்டு லேவுக்கே திருப்பி கொண்டு வந்துடுங்க.

வேற என்ன கொண்டு போகணும்னா, காசு கையில வேணும், லேவ விட்டா ஏடிஎம்ம நம்ப முடியாது. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்லயே வேல செய்யாது, போஸ்ட்பெய்ட் இருந்தாலும் பூகாவுல எங்களுக்கு ஒரு கட்ட சிக்னல் கூட வரல, வீட்டுல முன்னாடியே சொல்லி வைங்க. கணுக்கால் மூடற ஷூ, ரெண்டு செட் சாக்ஸ், தீப்புண்ணுக்கு ஒட்டாத காஸ். மதியத்துக்கு மேல காத்து ஈட்டி மாதிரி அடிக்கும், காலையிலயே போயி ரெண்டு மணிக்குள்ள திரும்பிடுங்க, காலையில குளிர் இருக்கறதால ஆவியும் நல்லா எழும்பும், பாக்கறதுக்கும் அப்ப தான் அழகு. இதய நோய், பிரஷர், கர்ப்பமா இருக்கறவங்க, மூணு நாலு வயசுப் பிள்ளைங்க வேணாம். பூகாவுக்கு எத்தன மார்க்னு தம்பி கேட்டான், காலுல கட்டோட உக்காந்துக்கிட்டு அவனே அஞ்சுக்கு அஞ்சுனு சொல்லிட்டான், எனக்கும் அதே தான், வசதிக்கு மார்க் போட அங்க வசதினு ஒண்ணுமே இல்ல, எடத்துக்கு போட்டது.

கெளம்பறப்ப மேமே-லேவ ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமானு கேட்டேன். தலப்பாவ சரி பண்ணிட்டு, கம்ப நேரா புடிச்சுட்டு, ஆட்டுக் குட்டி ஒண்ண இழுத்து முன்னாடி நிறுத்திட்டு நின்னாரு. எடுத்ததும் ஃபோன்ல காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டு இத பேப்பர்ல பிரின்ட் போட முடியுமானு கேட்டாரு. தபால்ல அனுப்ப விலாசம் எழுத முடியாது, அவரு இன்னும் ரெண்டு வாரத்துல மந்தையோட வேற பக்கம் போயிடுவாரு. பேத்தி அந்த ஹாஸ்டல்ல தான் படிக்குதுனு சொன்னாரு. ஊருக்கு வந்த மொத வாரமே பெரிய சைஸ்ல ரெண்டு பிரின்ட் போட்டு லேமினேட் பண்ணி ட்ரைவர் அண்ணனுக்கு கூரியர் பண்ணினேன். நேத்து தான் அவரு ஃபோன் பண்ணாரு, மாஹே பக்கம் சவாரி போனப்ப ஸ்கூல்ல போயி பொண்ணு கையிலயே குடுத்துட்டாராம், அது படத்துல இருக்கற குட்டியோட பேர சொல்லிக் காட்டுச்சாம்.